பழைய மோனோலித்துக்குள் ஆக்டர்களைக் குடிவைத்தோம்: அப்பாச்சி பெக்கோவோடு ஒன்றரை வருடம்

ஆக்டர்களை, அதாவது மெசேஜ் வழியாக மட்டும் பேசிக்கொள்ளும் சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகளை, ஓட்டும் ஜாவா நூலகம் அப்பாச்சி பெக்கோ. அதை ஒன்றரை வருடமாக புரொடக்‌ஷனில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதுவும் பத்து வயதான ஒரு ஸ்பிரிங் மோனோலித்துக்குள்ளேயே (எல்லா வேலையும் ஒரே புரோகிராமில் இருக்கும் ஜாவா அப்ளிகேஷன்) வைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு துண்டாக மாற்றி. இந்த மாதிரி வேலைக்கு பெக்கோ சரிவருமா என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் தேடியபோது கிடைத்ததெல்லாம் அறிமுகப் பாடங்கள்தான். ஒரு ஆக்டர் இன்னொரு ஆக்டருக்கு வணக்கம் சொல்லும், அதோடு பாடம் முடிந்துவிடும். என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒன்று எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

எங்களுடையது நிகழ்ச்சிகளுக்கு இருக்கை முன்பதிவு செய்யும் வெப் அப்ளிகேஷன். ஜாவா, ஸ்பிரிங் பூட், டேபிள் வரிகளை ஜாவா பொருள்களாக்கும் ஹைபர்னேட், கீழே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மூன்று சர்வர், முன்னால் ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சர். சாதாரண நாட்களில் ஒரு புகார் கிடையாது. எல்லாரும் காத்திருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு விற்பனை திறக்கும் அந்த நிமிடத்தில்தான் உயிர் போகும். இருக்கை ஒதுக்க, அந்தக் காட்சியின் வரியை டேட்டாபேஸில் பூட்டி, காலியா என்று பார்த்து, எழுதி, பூட்டைத் திறப்போம். ஒரே காட்சிக்கு ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் பேருக்கும் அந்த ஒரே பூட்டுதான். பூட்டுக்காக நிற்கிற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷனைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கும், கனெக்‌ஷன் கிடைக்காதவை த்ரெட்டை, அதாவது சர்வரில் வேலையை ஓட்டும் இழையை, பிடித்துக்கொண்டு நிற்கும். கனெக்‌ஷன்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் ஹிகாரி பூலின் இயல்பான அளவு 10 கனெக்‌ஷன், வெப் சர்வரான டாம்கேட்டின் இயல்பான உச்சவரம்பு 200 த்ரெட். இரண்டையும் உயர்த்திப் பார்த்தோம், உயர்த்த உயர்த்த போஸ்ட்கிரெஸ்தான் திணறியது. இருக்கை வாங்க வந்தவரை விடுங்கள், சும்மா லாகின் செய்ய வந்தவருக்கும் பழைய டிக்கெட்டைப் பார்க்க வந்தவருக்கும்கூடப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் நெருப்புப் பிடித்தால் வீடு முழுக்கப் புகை.

தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன மைக்ரோசர்வீஸாக உடைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பூட்டை எடுத்துப் போய் வேறொரு சர்வீஸுக்குள் வைத்தால் அங்கேயும் அதே வரிசை நிற்கும், நடுவில் ஒரு நெட்வொர்க் கூடுதலாக வரும், அவ்வளவே. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். இருக்கை நிலவரம் அவர் நினைவிலேயே இருக்கும், வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வார், பூட்டு என்ற பேச்சே எழாது. ஆக்டர் என்பது அதுதான். 1973-இல் கார்ல் ஹெவிட்டும் அவரோடு இன்னும் இருவரும் எழுதி வைத்த யோசனை. எரிக்சனில் 1986-இல் தொடங்கிய எர்லாங் மொழி இதே போன்ற அமைப்பைத் தொலைபேசி ஸ்விட்சுகளில் ஓட்டிக் காட்டியது. ஆக்டரின் நிலை அதற்கு மட்டுமே சொந்தம், வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. மெசேஜ் அனுப்பலாம், அது மெயில்பாக்ஸில் வரிசையாக விழும், ஒன்றை முடித்த பிறகே ஆக்டர் அடுத்ததை எடுக்கும்.

ஜாவா உலகில் இதற்கு நீண்ட நாளாகப் பெயர்பெற்ற நூலகம் ஆக்கா, 2009-இல் யோனாஸ் பொனேர் வெளியிட்டது. 2022 செப்டம்பரில் அதன் பின்னால் இருந்த லைட்பெண்ட் நிறுவனம் லைசென்ஸை மாற்றியது. ஆண்டு வருமானம் 2.5 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் புதிய பதிப்புகளை புரொடக்‌ஷனில் ஓட்டப் பணம் கட்ட வேண்டும் என்று ஆனது. அதற்கு முந்தைய 2.6 வரிசையிலிருந்து கிளை பிரித்து அப்பாச்சி அறக்கட்டளைக்குள் வளர்ந்ததுதான் பெக்கோ. 1.0 பதிப்பு 2023 ஜூலையில் வந்தது, 2024-இல் அப்பாச்சியின் முழுத் தகுதி பெற்ற திட்டமானது. ஆக்கா ஸ்வீடனில் ஒரு மலையின் பெயர், பெக்கோ பின்லாந்துப் பக்கத்துப் பயிர்த் தெய்வத்தின் பெயர். லைசென்ஸ் அப்பாச்சி 2.0, கட்டணம் எதுவும் கிடையாது. பத்து வருடம் தாங்க வேண்டிய ஒரு சிஸ்டத்துக்கு அடித்தளம் தேடும்போது இது பெரிய விஷயம், எங்கள் முடிவில் பாதி இதை வைத்துத்தான் நடந்தது.

வேறு எதைப் பார்த்தோம் என்று கேட்பார்கள். எர்லாங்கின் வழிவந்த எலிக்சர் மொழி எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடிக்கும், ஆக்டர் விஷயத்தில் அதைவிட இயல்பான இடம் இல்லை என்றே சொல்வேன், ஆனால் மொழியையே மாற்ற வேண்டும், அது படிப்படியான மாற்றம் ஆகாது. மைக்ரோசாஃப்டின் ஆக்டர் நூலகமான ஆர்லியன்ஸ் அருமையானது, ஹேலோ விளையாட்டின் பின்னணி சேவைகளில் ஓடியது, 2015-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. ஆனால் அது டாட்நெட் குடும்பம். உங்கள் மோனோலித் டாட்நெட்டில் இருந்தால் முதலில் அதைத்தான் பாருங்கள்.

பெக்கோவில் எனக்கு மிகவும் பிடித்த குணம், அது வெறும் சில ஜார் கோப்புகளாக (ஜாவா நூலகக் கோப்புகள்) உங்கள் பழைய அப்ளிகேஷனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது. தனி சர்வர் வேண்டாம், தனி டெப்ளாய் வேண்டாம். ஸ்பிரிங் எழும்போது ஒரு ஆக்டர் சிஸ்டத்தை பீனாக (ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் பொருளாக) உருவாக்குங்கள், அவ்வளவுதான், மீதி 99 சதவீதம் கோடு தன்பாட்டுக்கு முன்போலவே ஓடும். பழைய சிஸ்டத்தின் மேலேயே புதியதை வளர்த்துப் பழையதை மெல்ல மெல்ல ஓரங்கட்டும் முறைக்கு மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் ஒரு அத்தி மரத்தின் பெயரை வைத்தார். நம் கண்ணுக்குப் பழக்கமான காட்சி என்றால் பனைமரத்தின் மேல் முளைத்த ஆல். மேலே எங்கோ ஒரு இடுக்கில் முளைத்து, வேர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்ட பிறகே அது தனியாக நிற்கும், அதுவரை பனைதான் அதைத் தாங்கும். எங்கள் ஆக்டர்களையும் ஒரு வருடம் மோனோலித்தான் தாங்கியது.

முதல் இரண்டு மாதம் பெக்கோவை நாங்கள் தொடவே இல்லை. இருக்கையை ஒதுக்கும் கோடு நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடந்தது. அத்தனையையும் ஒரே இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் கொண்டுவந்தோம்: பிடி, விடு, உறுதிசெய், நிலவரம் சொல். நான்கே செயல்கள். பின்னால் இருந்தது அதே பழைய பூட்டுக் கோடுதான். இது முடிந்த பிறகு அதே இன்டர்ஃபேஸுக்கு ஆக்டர் வழியில் இரண்டாவது செயலாக்கம் எழுதினோம், எந்தக் காட்சிக்கு எது என்பதை ஒரு கொடி, அதாவது ஆன்/ஆஃப் சுவிட்ச், தீர்மானிக்கும். முதல் ஆறு வாரம் ஆக்டர் நிழலாக மட்டும் ஓடியது. பழைய கோடு உண்மையான பதிலைக் கொடுக்கும், ஆக்டர் தன் பதிலைக் கணக்கிட்டு வைக்கும், இரண்டும் வேறுபட்டால் ஒரு லாக் வரி விழும். அந்த லாக்கைத் தினமும் காலையில் படித்ததுதான் இந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை.

இப்போது ஒரு ரிக்வெஸ்ட் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஒருவர் ‘ஜே 14’ இருக்கையை அழுத்துகிறார். கன்ட்ரோலர் அதை ‘இருக்கையைப் பிடி’ என்ற ஒரு சின்ன ஜாவா ரெக்கார்டாக்கி, காட்சி எண்ணோடு, கிளஸ்டரில், அதாவது சேர்ந்து இயங்கும் சர்வர்களில், ஆக்டர்களைப் பங்கிட்டு வைக்கும் பெக்கோவின் கிளஸ்டர் ஷார்டிங்கிடம் கொடுத்துவிட்டு, மூன்று நொடி டைம்அவுட்டோடு பதிலுக்காகப் பதிந்துகொள்கிறது. கன்ட்ரோலர், பதில் பின்னால் வரும் என்று சொல்லும் ஒரு ஃப்யூச்சரைத் திருப்பித் தருவதால் டாம்கேட் த்ரெட் அங்கேயே விடுபட்டு வேறு வேலைக்குப் போய்விடும். ஷார்டிங் காட்சி எண்ணை ஹாஷ் செய்து எந்த ஷார்ட் (ஆக்டர்களின் ஒரு பங்கு), அது எந்த சர்வரில் என்று கண்டுபிடித்து அங்கே அனுப்பும். இயல்பாக 1000 ஷார்ட். பின்னால் இந்த எண்ணை மாற்ற வேண்டுமென்றால் கிளஸ்டர் முழுவதையும் நிறுத்த வேண்டும் என்பதால் ஆரம்பத்திலேயே யோசித்து வையுங்கள். அந்தக் காட்சிக்கான ஆக்டர் உயிரோடு இல்லை என்றால் அந்த நொடியே உருவாகும், டேபிளிலிருந்து இருக்கை நிலவரத்தைப் படித்துக்கொள்ளும். ஜே 14 ஏற்கெனவே போய்விட்டதா? டேட்டாபேஸைத் தொடாமலே ‘இல்லை’ என்று பதில் போய்விடும். விற்பனை திறக்கும் நிமிடத்தில் வரும் ரிக்வெஸ்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த ‘இல்லை’ வகைதான், முன்பு அத்தனையும் பூட்டு வரிசையில் நின்றவை. மூன்று சர்வர் இருப்பதால்தான் எங்களுக்கு ஷார்டிங் முதல் நாளிலேயே தேவைப்பட்டது. சர்வருக்கு ஒரு ஆக்டர் என்று விட்டால் ஒரு காட்சிக்கு மூன்று பொறுப்பாளர்கள் ஆகிவிடுவார்கள். உங்களுக்கு ஒரே சர்வர் என்றால் கிளஸ்டரே வேண்டாம், சாதாரண ஆக்டரே போதும்.

ஸ்பிரிங்கிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் த்ரெட்லோக்கல். யார் லாகின் செய்திருக்கிறார், எந்த டிரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கிறது, லாக்கில் போட வேண்டிய ட்ரேஸ் எண் என்ன, இவை எல்லாவற்றையும் ஸ்பிரிங் த்ரெட்டோடு கட்டி வைத்திருக்கும். ஆக்டர் வேறு த்ரெட்டில் ஓடும், இன்றைக்கு இதில், நாளைக்கு அதில். அதனால் பயனர் எண்ணும் ட்ரேஸ் எண்ணும் மெசேஜுக்குள்ளேயே வர வேண்டும். அதே போல ஹைபர்னேட் என்டிட்டியைத் தூக்கி மெசேஜில் போட்டு அனுப்பாதீர்கள். அந்தப் பக்கம் செஷன் மூடியிருக்கும், தேவைப்படும்போதுதான் டேட்டாபேஸிலிருந்து படிக்கும் லேஸி லோடிங் வெடிக்கும். வெடிக்காவிட்டால் அது இன்னும் மோசம், இரண்டு த்ரெட் ஒரே பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும். மாறாத சின்ன ரெக்கார்டுகள் மட்டும்தான் மெசேஜ்.

அடுத்து பிளாக்கிங், அதாவது பதில் வரும்வரை த்ரெட்டை அப்படியே நிறுத்தி வைப்பது. ஆக்டர்கள் எல்லாம் ஒரு சின்ன த்ரெட் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒரு சிபியூ கோருக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். எங்களில் ஒருவர் எழுதிய ஒரு ஆக்டர் உள்ளேயே ஜேடிபிசி (ஜாவாவிலிருந்து டேட்டாபேஸைக் கேட்கும்) அழைப்பைச் செய்துவிட்டது, ரிவ்யூவில் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். டெஸ்டில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. புரொடக்‌ஷனில் டேட்டாபேஸ் ஒரு நாள் மெதுவானபோது எட்டுக் காட்சிகளின் ஆக்டர்கள் எட்டு த்ரெட்டையும் பிடித்துக்கொண்டன, அந்த சர்வரில் சம்பந்தமே இல்லாத மற்ற ஆக்டர்களும் அப்படியே உறைந்து நின்றன. த்ரெட் டம்ப் எடுத்துப் பார்த்தபோது எட்டும் டேட்டாபேஸின் பதிலைப் படிக்கும் ஒரே வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. தீர்வு ஆவணத்திலேயே இருக்கிறது: பிளாக்கிங் வேலைக்கு என்றே தனி டிஸ்பாட்சர் (ஒரு தனி த்ரெட் கூட்டம்) வைத்து அதில் ஜேடிபிசியை ஓட்டுங்கள், முடிவை பைப் டு செல்ஃப் வழியாக ஆக்டர் தனக்குத்தானே மெசேஜாக அனுப்பிக்கொள்ளட்டும். அந்த எழுத்து முடியும்வரை வரும் மற்ற மெசேஜ்களை ஸ்டாஷில் ஒதுக்கி வைக்க வேண்டும், ஸ்டாஷுக்கு ஒரு கொள்ளளவு கொடுத்தாக வேண்டும், நிரம்பினால் எக்ஸெப்ஷன் வரும். கோடு கொஞ்சம் நீளும். ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை.

ஆனால் இதெல்லாம் நூலகத்தைக் கற்றுக்கொள்ளும் வலி. இந்த மாற்றத்தின் உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது, நான் சொல்ல வந்ததே அதைத்தான். ஆக்டர் தன் நினைவில் வைத்திருக்கும் நிலவரம் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அந்த டேபிளில் எழுதும் உரிமை அதற்கு மட்டுமே இருக்க வேண்டும். பத்து வருட மோனோலித்தில் அப்படி ஒரு டேபிளும் இருக்காது. எங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போனபோது. நிழல் ஓட்டத்தில் வராத தவறு, ஏனென்றால் காரணம் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் ஒரு வேலை: வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்காக என்றோ எழுதிய ஒரு அட்மின் பக்கம், ரத்தான இருக்கைகளைத் திறந்து அதே நிமிடத்தில் காத்திருப்போருக்கு நேரடியாக எஸ்க்யூஎல் வழியே ஒதுக்கிவிடும். ஆக்டருக்கு அது நடந்ததே தெரியாது. அதன் கணக்கில் அந்த இருக்கையைப் பிடித்திருந்தவர் இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறார், அவர் உறுதிசெய் என்றதும் சரி என்று சொல்லிவிட்டது. இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஒருவருக்கு வேறு நல்ல இருக்கை கொடுத்தோம். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் செய்ததை யாருக்கும் பரிந்துரைப்பேன், முடிந்தால் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். போஸ்ட்கிரெஸில் ஆக்டர்களுக்கென்று தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர்) உருவாக்கினோம், மோனோலித் பயன்படுத்தும் பொது ரோலிடமிருந்து இருக்கை டேபிளில் எழுதும் உரிமையைப் பறித்தோம். முதலில் டெஸ்ட் சூழலில். உடனே பெர்மிஷன் இல்லை என்று நான்கு இடங்களிலிருந்து எரர் வந்தது, அதில் இரண்டு எங்கள் யாருக்குமே தெரியாத, பின்னணியில் ஓடும் பேட்ச் வேலைகள். கோடைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது, ஏனென்றால் டேட்டாபேஸ் யாருக்கும் சலுகை காட்டாது. அதோடு டேபிளில் ஒரு வெர்ஷன் எண்ணையும் வைத்தோம். ஆக்டர் தான் படித்த வெர்ஷனைச் சொல்லித்தான் எழுதும், பொருந்தவில்லை என்றால் எழுத்து தோற்கும், ஆக்டர் நின்று மறுபடி படித்துக்கொண்டு எழும். ஆக்டர் இருக்கும்போது இது எதற்கு என்று டீமில் ஒருவர் கேட்டார். பாதி மாறிய சிஸ்டத்தில் இந்த இரண்டாவது தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும். ஒருநாள் எல்லாம் மாறி முடிந்த பிறகும் அதை எடுப்பேனா என்று தெரியவில்லை.

டைமர் பற்றி ஒரு விஷயம், ஆவணத்தில் இரண்டு வெவ்வேறு பக்கங்களில் இருப்பதால் சேர்த்துப் பார்க்கத் தவறிவிடுவோம். இருக்கையைப் பிடித்தவர் எட்டு நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் இருக்கை திரும்பிவிடும். முன்பு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிரான் வேலை டேபிள் முழுவதையும் துழாவும். ஆக்டருக்குள் டைமர் வைத்தால் அழகாக முடிந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால் ஷார்டிங்கில் இருக்கும் ஆக்டருக்கு இரண்டு நிமிடம் வெளியிலிருந்து மெசேஜ் வரவில்லை என்றால் பெக்கோ அதைத் தானாகவே நினைவிலிருந்து இறக்கிவிடும், ஆக்டர் தனக்குத்தானே அனுப்பும் டைமர் மெசேஜ்கள் இந்தக் கணக்கில் சேராது, இறங்கும்போது டைமரும் சேர்ந்தே போய்விடும். கூட்டம் உள்ள காட்சிகளில் இது வெளியே தெரியாது. கூட்டமே இல்லாத காட்சியில் ஒருவர் பிடித்துவிட்டுப் போன இருக்கை மணிக்கணக்கில் பிடித்தபடியே கிடக்கும். இப்போது காலாவதி நேரத்தை டேபிளிலேயே எழுதுகிறோம், ஆக்டர் எழும்போதெல்லாம் கடந்துபோனவற்றை முதலில் விடுவிக்கும், இறக்கிவிடும் நேரத்தையும் பத்து நிமிடமாக்கிவிட்டோம். டைமரை ஒரு வசதியாக மட்டும் வையுங்கள், உண்மையான நேரம் டேட்டாபேஸில் இருக்கட்டும்.

டெலிவரி விஷயத்தையும் டீம் முழுக்க உட்கார்ந்து பேசிப் புரிந்துகொண்டு தொடங்குங்கள். பெக்கோவில் ஒரு மெசேஜ் அதிகபட்சம் ஒருமுறை போய்ச் சேரும், சேராமலும் போகலாம். ஒரே அனுப்புநரிடமிருந்து ஒரே பெறுநருக்குப் போகும் மெசேஜ்களின் வரிசை மாறாது, அதற்கு மேல் எந்த உறுதியும் கிடையாது. டைம்அவுட் வந்தால் ‘நடக்கவில்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது, ‘தெரியவில்லை’ என்றுதான் பொருள். இருக்கை பிடிபட்டிருக்கலாம், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு ரிக்வெஸ்ட் எண் வைத்தோம், அதே எண் மறுபடி வந்தால் ஆக்டர் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். இதை நாங்கள் பின்னால் ஒட்டவைத்தோம், முதலிலேயே வைத்திருந்தால் ஒரு மாத வேலை மிச்சம்.

வேகம் எப்படி என்று கேட்டால், நினைவில் பதில் சொல்வது நாம் கவலைப்படவே தேவையில்லாத வேகம். எழுத்துதான் எல்லை. ஒரு ஆக்டர் ஒன்றை எழுதி முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும் என்பதால், ஒரு எழுத்துக்கு 5 மில்லிநொடி ஆனால் ஒரு காட்சியில் நொடிக்கு 200 இருக்கைக்கு மேல் விற்க முடியாது. எங்களுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் காட்சிக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக அரங்கின் ஒவ்வொரு இருக்கை பிளாக்குக்கும் ஒரு ஆக்டர் என்று பிரிக்க வேண்டியிருக்கும், பிரித்தால் இரண்டு பிளாக்கில் சேர்த்து இருக்கை கேட்பவருக்கு என்ன செய்வது என்ற புதுக் கேள்வி வரும். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம், முதலில் ஒரு பெரிய ஆக்டரோடு தொடங்கி அளந்து பாருங்கள். இன்னொன்று, மெயில்பாக்ஸுக்கு இயல்பாக வரம்பே கிடையாது. எழுத்து மெதுவானால் மெயில்பாக்ஸ் ஊதிக்கொண்டே போகும், பயனர் எப்போதோ டைம்அவுட் ஆகிப் போயிருப்பார், ஆக்டர் அவருக்காக இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். மெசேஜில் கெடு நேரத்தையும் வைத்து, கடந்திருந்தால் பார்க்காமலே தள்ளிவிடுகிறோம்.

இவென்ட் சோர்சிங்கைப் பற்றி (இப்போதைய நிலைக்குப் பதிலாக நடந்த ஒவ்வொன்றையும் வரிசையாகச் சேமிக்கும் முறை) ஒரே வரி: முதல் வருடத்தில் வேண்டாம். பெக்கோ பாடங்கள் எல்லாம் உங்களை அந்தப் பக்கம் இழுக்கும், வசதியும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் அந்தப் பழைய டேபிளைத்தான் படிக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

கிளஸ்டர்தான் நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்த இடம். சர்வர்களுக்கு இடையில் நெட்வொர்க் அறுந்தால் இரண்டு பக்கமும் மற்றவர் செத்துவிட்டார் என்று நினைக்கும். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே காட்சிக்கு ஆக்டரை உருவாக்கிவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண். இதைத் தடுக்கும் ஸ்பிளிட் பிரெய்ன் ரிசால்வர் பெக்கோவோடு சேர்ந்தே வருகிறது, பெரும்பான்மை உள்ள பக்கம் பிழைக்கும் என்பது அதன் இயல்பான உத்தி, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அதை நீங்களாகத்தான் கான்ஃபிகில் எழுதி இயக்க வேண்டும். இயக்காமல் விட்டால் தொடர்பு போன சர்வர் ‘எட்டவில்லை’ என்ற நிலையிலேயே நின்றுவிடும், அதிலிருந்த காட்சிகள் யாரிடமும் போய்ச் சேராது. இவ்வளவு முக்கியமான ஒன்று தானாக இயங்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இயக்கிய பிறகும் முடிவெடுக்க இயல்பாக 20 நொடி காத்திருக்கும், சர்வர் திடீரென்று செத்தால் அந்த நேரமும் மேலே கொஞ்சமும் அதன் காட்சிகளுக்குப் பதில் வராது. முறையாக நிறுத்தினால் இந்தக் காத்திருப்பு இல்லை, ஷார்டுகளை அழகாகக் கைமாற்றிவிட்டுத்தான் போகும். எனவே டெப்ளாய் ஸ்கிரிப்டில், புரோகிராமை அந்த நொடியே கொன்றுவிடும் கில் மைனஸ் நைன் இருக்கிறதா என்று முதலில் பார்த்து எடுத்துவிடுங்கள்.

சீரியலைசேஷன், அதாவது மெசேஜை நெட்வொர்க்கில் அனுப்ப பைட்டுகளாக்குவது, இன்னொரு பொறி. ஒரே ஜேவிஎம்முக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஜாவா புரோசெஸ்) மெசேஜ் போகும்போது சீரியலைஸ் ஆகாது, பொருள் அப்படியே கைமாறும். அதனால் லேப்டாப்பில் எல்லாம் ஓடும், மூன்று சர்வரில் ஏற்றியதும் பாதி மெசேஜ் விழும். டெஸ்ட் கான்ஃபிகில் எல்லா மெசேஜையும் கட்டாயமாக சீரியலைஸ் செய்யும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை முதல் நாளே போடுங்கள். ஜாவாவின் சொந்த சீரியலைசேஷன் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அது மிகச் சரியான முடிவு, நாங்கள் ஜாக்சன் நூலகத்தைப் பயன்படுத்துகிறோம். சர்வர்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும் ரோலிங் டெப்ளாய் நடக்கும்போது பழைய சர்வரும் புதிய சர்வரும் சில நிமிடங்கள் பேசிக்கொள்ளும் என்பதால், மெசேஜில் புதிய புலம் சேர்த்தால் அது இல்லாமலும் படிக்கத் தெரிய வேண்டும்.

பெக்கோவின் டெஸ்ட் கருவியான டெஸ்ட்கிட்டைப் பாராட்டியே ஆக வேண்டும். நேரத்தையே கையால் நகர்த்தும் வசதி இருக்கிறது, எட்டு நிமிடக் காலாவதியை ஒரு கண்சிமிட்டலில் டெஸ்ட் செய்துவிடலாம். பழைய கிரான் வேலைக்கு எங்களிடம் ஒரு டெஸ்ட்கூட இருந்ததில்லை, இப்போது இருக்கை ஆக்டருக்கு மட்டும் எழுபதுக்கு மேல் இருக்கிறது, மொத்தமும் சில நொடிகளில் ஓடி முடிகிறது. ஆவணங்கள் ஆழமானவை, ஜாவாவுக்கும் ஸ்காலாவுக்கும் தனித்தனி உதாரணம் உண்டு. தேடல்தான் சிரமம்: வெளியே கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை ஆக்காவின் பழைய, டைப் இல்லாத (எந்த வகை மெசேஜையும் ஏற்கும்) ஏபிஐ காலத்தவை. அதில் எக்ஸெப்ஷன் வந்தால் ஆக்டர் ரீஸ்டார்ட் ஆகும். இப்போதைய டைப் உள்ள ஏபிஐயில் இயல்பாக நின்றுவிடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் பழைய பதிலை நம்பினால் நாள் கணக்கில் சுற்ற வேண்டியிருக்கும்.

ஜாவா 21-இல் மிக மலிவான விர்ச்சுவல் த்ரெட் வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஆக்டர் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். த்ரெட் தீர்ந்துபோவது மட்டும் உங்கள் பிரச்சினை என்றால் விர்ச்சுவல் த்ரெட்டே போதும், இவ்வளவு பாடுபட வேண்டாம். எங்கள் பிரச்சினை ஒரே வரிக்கு ஆயிரம் பேர் மோதியது. விர்ச்சுவல் த்ரெட்டில் போனால் அந்த ஆயிரம் பேரும் செலவில்லாமல் காத்திருப்பார்கள், ஆனால் காத்திருப்பார்கள். மேலும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள் அதே பத்தோ இருபதோதான்.

இன்றைய நிலவரம்: இருக்கை ஒதுக்கீடு முழுவதும் ஆக்டர்களில். பழைய பூட்டுக் கோடை மூன்று மாதத்துக்கு முன் ஒரே பிஆரில் (கோடு மாற்றக் கோரிக்கை) நீக்கினோம். கடைசியாக நடந்த பெரிய விற்பனையில் லாகின் பக்கம் சாதாரண நாள் போலவே திறந்தது, அதைப் பார்ப்பதற்காகவே நான் டாஷ்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அடுத்து காத்திருப்போர் வரிசை, அதற்கான இன்டர்ஃபேஸைப் பிரிக்கும் வேலை தொடங்கியாயிற்று, எழுதும் உரிமையை இந்த முறை முதலிலேயே பறித்துவிட்டோம். இன்வாய்ஸ், பயனர் விவரம், ரிப்போர்ட் எல்லாம் மோனோலித்திலேயே இருக்கும். அங்கே யாரும் யாரோடும் மோதுவதில்லை, ஒரு கன்ட்ரோலரும் ஒரு டேபிளும் அங்கே போதும்.